ஒரு தோள்பையின் விலைச்சீட்டு

மட்டக்களப்பில் ஸ்கூட்டியில் வேலைக்குப் போய்வரும் பெண்களுக்குப் பை ஒரு தீராத தொல்லை. ஒரு தோளில் கொழுவினால், கல்லடிப் பாலத்தில் ஏறினதும் வாவிக்காற்று அதைப் பின்னுக்கு இழுக்கும். குறுக்கே போட்டால் சாறியின் தோள்மடிப்புக் கசங்கும். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பை வழுகி வந்து மடியில் நிற்கும். ஹேண்டிலில் மாட்டினால் திரும்பும்போது முழங்காலில் இடிக்கும். சீட்டுக்கடியில் மழைக்கோட்டும் சந்தைச் சாமானும் ஏற்கனவே இடத்தைப் பிடித்திருக்கும். கடையில் கிடைக்கும் பைகளெல்லாம் நடந்து போகிறவர்களுக்கும் பஸ்ஸில் இருந்து போகிறவர்களுக்கும் செய்தவை. நம் ஊரில் பாதிப் பெண்கள் இரண்டு சில்லில் போகிறார்கள் என்பதை அந்தப் பைகளைச் செய்தவர்கள் யோசிக்கவில்லை.

எனக்காக ஒன்றை நானே வரைந்தேன். விற்கிற எண்ணம் அப்போது துளியும் இல்லை. பை முதுகின் கீழ்ப்பக்கம் தட்டையாகக் கிடக்க வேண்டும். தோள்பட்டி அகலமாக இருக்க வேண்டும். ஒடுங்கிய பட்டிதான் சாறி மடிப்பை வெட்டுகிறது. பட்டியின் உட்பக்கம் ரெக்சின் கூடாது, பருத்தி வேண்டும். பருத்திதான் மற்றத் துணியில் வழுகாமல் பிடித்து நிற்கும். பையின் கீழ்மூலையிலிருந்து இடுப்பைச் சுற்றி வந்து கொழுவும் மெல்லிய இரண்டாம் பட்டி ஒன்று இருந்தால் பை முன்னுக்கு வராது. இறங்கி நடக்கும்போது அந்தப் பட்டியைக் கழற்றி உள்ளே செருகிவிடலாம். சிப் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும், சனநெருக்கத்தில் ஒருவர் கை வைக்க முடியாதபடி. இவ்வளவுதான் வடிவம். துணிக்கு அப்பாவின் மருதமுனைக் கைத்தறிச் சாரன் ஒன்றை எடுத்தேன். கரும்பச்சையில் அரக்குக் கோடு. ஓரம் நைந்திருந்தது, நடுத்துணி உரமாக இருந்தது.

அந்தப் பையைப் போட்டுக்கொண்டு அலுவலகம் போன முதல் கிழமையிலேயே கேள்வி தொடங்கிவிட்டது. "எங்க வாங்கினீ?" என்பதில் தொடங்கி, "எனக்கும் ஒண்டு தைச்சுத் தாகா" என்பதில் முடியும். கேட்டவர்களுக்கெல்லாம் தைத்துக் கொடுத்தேன். இராத்திரியில் தைத்தேன், ஒவ்வொன்றையும் வேறு மாதிரித் தைத்தேன், காசு துணிக்கு மட்டும் வாங்கினேன். நம் ஊரில் கைவேலை தெரிந்த பெண்கள் எத்தனையோ பேர் இந்த இடத்திலேயே வருசக்கணக்காக நின்றுவிடுகிறார்கள். நல்ல கை, நல்ல ரசனை, கேட்க ஆள், ஆனால் தொழில் இல்லை. ஏன் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். வடிவமைப்பு என்பது பொருளின் உருவத்தோடு முடிவதாக நினைத்துவிடுகிறோம். அதே பொருளை இன்னொரு பெண், இன்னொரு வீட்டில், பிள்ளை பள்ளிக்கூடத்தால் வர முன் கிடைக்கும் மூன்று மணித்தியாலத்தில், அதே தரத்தில் தைத்து, நியாயமான கூலி வாங்கிக்கொண்டு எழும்ப வேண்டும். அதையும் சேர்த்து வரைந்தால்தான் வடிவமைப்பு முடிகிறது.

இதை எனக்குக் காட்டித் தந்தவர் எங்கள் பக்கத்து வளவு அக்கா. கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயத்தில் கார்மண்ட் ஒன்றில், அதாவது ஆடைத் தொழிற்சாலையில், நீண்ட காலம் வேலை செய்து, கல்யாணத்துக்குப் பிறகு ஊருக்கு வந்தவர். 1978 இல் அந்த வலயம் தொடங்கிய நாளிலிருந்து இலங்கையின் கிராமங்களிலிருந்து பெண்கள் அங்கே போய்க்கொண்டிருக்கிறார்கள்; யுத்தம் முடிந்த பிறகு நம் பகுதியிலிருந்தும் நிறையப் பேர். திரும்பி வரும்போது அவர்களோடு ஒரு பெரிய அறிவும் வருகிறது. அதை ஊரில் யாரும் அறிவாகக் கணக்கெடுப்பதில்லை.

அக்கா என் பையை வாங்கி மேசையில் வைத்தார். முன்பக்கத்தை ஒரு பார்வை பார்த்தார், பாராட்டவும் இல்லை. அப்படியே உட்பக்கம் வெளியே வர மறித்துப் போட்டார். விரலால் ஒவ்வொரு தையலாகத் தடவிக்கொண்டு வந்து கீழ்மூலையில் நின்றார். அந்த இடத்தில் உடல்துணி, லைனிங், கன்வஸ், இடுப்புப் பட்டி, அதன் மடிப்பு எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. "இதுல ஏழு பட்டு வருது. வீட்டு மெசின்ட ஊசி இதுக்குள்ள போனா உடையும், போகாட்டி தையல் தாவும். நீ தைச்சா வரும், ஏனெண்டா நீ கையால சில்லைத் திருப்பித் திருப்பித் தைக்கிறாய். மற்றப் பிள்ளை தைச்சா வராது" என்றார். பிறகு சோக்குக் கட்டியை எடுத்து, மூலையிலிருந்து இரண்டு விரல் மேலே ஒரு கோடு போட்டார். பட்டியை மூலையில் பொருத்தாமல் பக்கத் தையலில் பொருத்தச் சொன்னார். ஏழு பட்டு, அதாவது ஏழு அடுக்குத் துணி, நாலாகிவிட்டது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. தைக்கிறவருக்கு அதுதான் எல்லாம்.

அதற்குப் பிறகு பை முழுவதையும் அப்படியே திரும்பப் பார்த்தோம். வளைந்த அடியை நேராக்கினோம். வளைவை ஒரே மாதிரி வெட்டுவதும் தைப்பதும் கஷ்டம். பட்டி பொருந்தும் இடத்தில் சதுரமாகத் தைத்து அதற்குள் குறுக்கும் மறுக்குமாக இன்னும் இரண்டு கோடு. பாரம் அந்த நாலு மூலைக்கும் பிரிந்து போகும், ஒரே இடத்தில் துணி கிழியாது. நூல் பொலியெஸ்டர்தான். பருத்தி நூல் பார்க்க அழகு, உரசலில் அறும். ஊசி 16, தடித்த இடத்துக்கு 18. ஒவ்வொரு துண்டுக்கும் தடித்த மட்டையில் ஒரு வெட்டு அட்டை. எந்த விளிம்பு எந்த விளிம்போடு சேர வேண்டுமோ அங்கே சின்ன வெட்டு அடையாளம். அட்டையிலேயே பாவு நூல், அதாவது துணியில் நெடுக்காக ஓடும் நூல், ஓட வேண்டிய பக்கத்துக்கு ஒரு அம்புக்குறி. இந்த அட்டைகள் இருந்தால் நான் பக்கத்தில் நிற்கத் தேவையில்லை. என் பை என்ற நிலையிலிருந்து அது ஒரு தொழிலின் பொருளாக மாறியது இந்த அட்டைகளில்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

இனித் துணி.

மட்டக்களப்பிலிருந்து கல்முனைப் பக்கம் பஸ் ஏறினால் காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்லாறு, பெரியநீலாவணை எல்லாம் தாண்டி மருதமுனை வரும். அம்பாறை மாவட்டத்தின் கரையோரம். கைத்தறி என்றால் கிழக்கில் முதலில் வாயில் வரும் பெயர். 1977 இல் இறக்குமதி திறந்துவிடப்பட்ட பிறகு நாடெங்கும் நெசவு நிலையங்கள் மூடுண்டு போயின. பிறகு யுத்தம். 2004 டிசம்பர் 26 கடல் வந்தபோது கரையோர வீடுகளோடு தறிகளும் போயின. இத்தனைக்கும் பிறகு இன்றைக்கும் அந்த ஊர் ஒழுங்கைகளில் தறிச் சத்தம் கேட்கிறது என்றால், அது அரும்பாடுபட்டுக் காப்பாற்றிய சத்தம்.

நான் போய்ச் சேர்ந்த நெசவு வீட்டில் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள், அக்காவை ராத்தா என்று) தறியில் இருப்பார், ராத்தா நூல் சுற்றுவார், கணக்கும் ராத்தாதான். எனக்கு அஞ்சு யார் இந்த நிறம், அஞ்சு யார் அந்த நிறம் என்று ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். காக்கா அதை வாசித்துவிட்டு, "தங்கச்சி, அஞ்சு யாருக்கெண்டு பாவு போட ஏலா" என்றார். ஒரு பாவைத் தறியில் ஏற்றுவதற்கு நூலைச் சுற்றி, நீளத்துக்கு ஓட்டி, ஒவ்வொரு இழையாகக் கோர்த்துக் கட்ட வேண்டும். நெய்வதை விட அதுதான் பெரிய வேலை. அந்த உழைப்பு நட்டமாகாமல் இருக்க, ஒரு பாவில் நிறையத் துணி நெய்ய வேண்டும். சின்ன வியாபாரிக்கோ ஒரே நிறத்தில் அவ்வளவு துணி தேவையில்லை. கைத்தறியைத் தேடிப் போகிற இளம் வடிவமைப்பாளர்கள் முக்கால்வாசிப் பேர் இந்த இடத்தில் திரும்பி வந்து, விசைத்தறிக் கட்டம் போட்ட துணியைக் கடையில் வாங்கிவிடுகிறார்கள்.

வழியைச் சொன்னதும் காக்காதான். "பாவு கறுப்பா கிடக்கட்டும். ஊடைய மாத்துவம்." பாவு ஒன்றேதான், குறுக்கே ஓடும் ஊடை நூலை மாத்திரம் மாற்றினால், கறுப்புக்குள் சிவப்பு போனால் ஒரு நிறம், மயில்நீலம் போனால் இன்னொரு நிறம், கடுகு மஞ்சள் போனால் வேறொன்று. ஊடை நூலைக் கொண்டு குறுக்கே ஓடும் நாடாவுக்குள் இருக்கும் நூற்சுருளை மாற்றுகிற நேரம்தான் செலவு. ஒரே பாவிலிருந்து நாலைந்து நிறம் இறங்கியது. இன்னொரு நன்மையும் அதில் இருந்தது. எல்லாத் துணிக்கும் அடியில் ஒரே கறுப்பு ஓடுவதால், எந்த நிறப் பையையும் எந்த நிறப் பையோடும் பக்கத்தில் வைக்கலாம். பார்க்கிறவர் ஒரு குடும்பம் என்று கண்டுகொள்வார். காசு கொடுத்து ஒரு வடிவமைப்பு ஆலோசகரை வைத்திருந்தாலும் இதைவிட நல்ல யோசனை கிடைத்திருக்காது. அந்த யோசனை என்னுடையது இல்லை என்பதை எங்கே கேட்டாலும் சொல்கிறேன்.

நோன்பு மாதத்துக்கு முன்பும் நோன்பிலும் நான் அவசர ஓடர் கொடுப்பதில்லை. பெருநாள் சாரனுக்கு அந்தத் தறிகள் ஓடும் காலம் அது. அதை அறிந்து முன்கூட்டியே துணி எடுத்து வைத்தால் இரண்டு பக்கத்துக்கும் மனம் நோகாது. முற்பணம் பாதி கையில் கொடுத்துவிட்டே வருவேன். நூல் வாங்குவது அவர்கள் காசில் என்றால் என் தொழிலின் ஆபத்தை அவர்கள் தலையில் வைக்கிறேன் என்று அர்த்தம். 2022 இல் இது எவ்வளவு பெரிய விசயம் என்று தெரிந்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபாய்க்குக் கிட்ட நின்ற டொலர், மே மாதத்தில் 360 வரை போனது. நூல் வெளிநாட்டுச் சரக்கு. அதன் விலை கிழமைக்குக் கிழமை ஏறியது. முற்பணம் வாங்காமல் விலை பேசியிருந்த நெசவாளர்கள் அந்த மாதங்களில் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தேன். நாளுக்குப் பாதி நேரம் கரண்ட் இல்லை. மிதித்து ஓடும் தறிக்குக் கரண்ட் தேவையில்லை என்பதால் துணி மட்டும் வந்துகொண்டே இருந்தது. எங்கள் பக்கம் மோட்டர் பூட்டின மெசின்கள் நின்றபோது, மிதிமெசின் இருந்த வீடுகளில் தைத்தோம்.

கைத்தறித் துணியை வெட்ட முன் கழுவிக் காய வைக்க வேண்டும். பருத்தி சுருங்கும், தைத்த பிறகு சுருங்கினால் லைனிங் ஒரு அளவு, வெளித்துணி ஒரு அளவு என்று பை கோணும். நனைந்த வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துச் சாயம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். கடும் சிவப்பு வெள்ளைச் சாறியில் பட்டால் ஒரு டீச்சர் வாடிக்கையாளரை மட்டும் இழக்க மாட்டோம், அவருடைய பாடசாலை முழுவதையும் இழப்போம். பட்டியைப் பாவு ஓடும் பக்கமாகவே வெட்ட வேண்டும். தறியில் இழுவிசையைத் தாங்கிய நூல் அது, தோளிலும் தாங்கும்.

வளையம், கொழுக்கி, சிப் எல்லாவற்றுக்கும் கொழும்புதான். இராக்கோச்சியில் ஏறினால் விடிய புறக்கோட்டை. கெய்சர் வீதியில் இந்தச் சாமான் எல்லாம் நூறு நூறாகப் பொதி கட்டித் தொங்கும். போகும்போது பையில் ஒரு சின்னக் காந்தம் கொண்டு போவேன். பொன் நிறத்தில் மின்னும் வளையத்தில் காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பூச்சு. கொழும்பில் இருக்கும் ஒருவருக்கு அது வருசக்கணக்கில் இருக்கலாம். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல் இருக்கும் நம் ஊரில் உப்புக்காற்று அதைச் சீக்கிரமே தின்றுவிடும். கறள் துணியில் இறங்கினால் போகாது. காந்தம் ஒட்டாத பித்தளை விலை கூட. கூடின விலையைக் கொடுத்துத்தான் வாங்குகிறேன். மார்கழி மழைக்காலத்தில் தைத்து முடித்த பைகளை அடுக்கி வைக்காமல் கயிற்றில் கொழுவி வைக்கிறோம், பூஞ்சணம் பிடிக்காமல். வறண்ட கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் அந்தக் கவலை இல்லை.

பையில் பாடுமீன் படம் போடச் சொல்லிச் சொல்லாத ஆள் இல்லை. மட்டக்களப்பு என்றால் மீன்மகள், அது எல்லா நினைவுப் பொருளிலும் இருக்கிறது. எனக்கு விருப்பமில்லை. கறுப்புப் பாவில் ஊடை மாறுகிற அந்தத் துணியே இந்தக் கரையின் அடையாளம்தான். அதன் மேல் இன்னொரு அடையாளத்தை ஒட்டினால் துணியைப் பார்க்கிற கண் படத்துக்குப் போய்விடும்.

விலைக்கு வருகிறேன். என்னிடம் கேட்கிறவர்களில் பெரும்பாலோர் இந்தக் கணக்கில்தான் தடுமாறுகிறார்கள், அதனால் இலக்கங்களோடு சொல்கிறேன். ஒரு பைக்குத் துணி, லைனிங், கன்வஸ், சிப், வளையம், நூல் எல்லாம் 900 ரூபாய் என்று வைப்போம். வெட்டுக்கூலியும் தையற்கூலியும் 700. கரண்ட், ஊசி, பழுதாகும் துண்டு, பொதி, போக்குவரத்து 250. அடக்கம் 1,850. அடுத்த துணிக்கு முற்பணம் கொடுக்கவும் தொழில் நகரவும் 350. ஆக, என் கைக்கு வர வேண்டியது 2,200. கடைக்காரர் 40 வீதம் கழிவு கேட்கிறார். பலர் 2,200 க்கு மேல் 40 வீதத்தைக் கூட்டி 3,080 என்று சீட்டு ஒட்டுவார்கள். கடைக்காரர் கழிப்பதோ 3,080 இலிருந்து 40 வீதம். அதாவது 1,232. மிச்சம் 1,848. அடக்கவிலை கூட வரவில்லை! சரியான கணக்கு 2,200 ஐ 0.6 ஆல் பிரிப்பது. 3,667 வரும், 3,700 என்று ஒட்டலாம். வீட்டுக்கு வந்து வாங்குகிறவருக்கும் அதே 3,700 தான். கடைக்குப் பின்னால் நின்று குறைத்து விற்றால் அடுத்த மாதம் கடைக்காரர் பையைத் திருப்பி அனுப்புவார், அனுப்பத்தான் வேண்டும்.

இந்தக் கணக்கில் நான் கையே வைக்காத இலக்கம் தையற்கூலி. அதை எப்படித் தீர்மானித்தோம் என்றால், கைபேசி மணிக்கூட்டை வைத்துக்கொண்டு, எங்களில் ஆறுதலாகத் தைக்கிறவர் ஒரு பைக்கு எடுக்கும் நேரத்தை எடுத்தோம். கெட்டிக்காரியின் நேரத்தை எடுக்கவில்லை. அக்கா ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்: "டார்கெட் எண்டு ஒரு சொல் இந்த வீட்டில வந்தா நான் வரமாட்டன்." கார்மண்ட் லைனில் மணித்தியாலத்துக்கு இத்தனை துண்டு என்று பலகையில் எழுதி வைத்து, தண்ணீர் குடிக்க எழும்புவதையும் கணக்குப் பார்த்த வருசங்கள் அந்தச் சொல்லுக்குள் இருந்தன. ஆறுதலான கைக்குக் கட்டுப்படியான கூலி, கெட்டிக்காரிக்குக் கூடுதலாகவே கிடைக்கும். அதில் எனக்கு ஒரு நட்டமும் இல்லை.

இதையெல்லாம் சரிபண்ணி, ஒரு கண்காட்சியில் பைகளை வைத்தோம். ஏற்பாட்டாளர்கள் நல்லெண்ணத்தோடுதான் கூப்பிட்டார்கள். காலையில் போய்ப் பார்த்தால், எங்கள் ஒவ்வொரு பையிலும் அவர்கள் அச்சடித்த ஒரு அட்டை தொங்கியது: யுத்தத்தாலும் சுனாமியாலும் பாதிக்கப்பட்ட பெண்களின் கைவண்ணம், வாங்கி உதவுங்கள் என்ற பாங்கில். எங்களோடு தைக்கிற பிள்ளை ஒருவர் அதைக் கையில் எடுத்து வாசித்துவிட்டு, "அக்கா, நான் தைச்ச தையல் வடிவா இருக்கெண்டு ஒருத்தரும் எழுதலியா?" என்று கேட்டார். அன்றைக்கு விற்றது, நன்றாகவே விற்றது. வாங்கியவர்களில் ஒருவராவது சிப்பை இழுத்துப் பார்க்கவில்லை, தோளில் போட்டுப் பார்க்கவில்லை. அந்தப் பைகள் வீட்டில் ஒரு அலுமாரிக்குள் போயிருக்கும். போட்டுக்கொண்டு வெளியே போகாத பையைப் பார்த்து அடுத்தவர் கேட்கப் போவதில்லை. இரண்டாம் பை விற்கப் போவதில்லை.

எங்கள் கரையில் நடந்தது எதையும் மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீடுகளில் எல்லாம் நடந்திருக்கிறது. ஆனால் அது அந்தப் பெண்ணின் வாழ்க்கை. சொல்வதும் சொல்லாமல் விடுவதும் அவருடைய விருப்பம். 3,700 ரூபாய்க்குத் தொங்கவிடுகிற அட்டையில் எழுதும் உரிமை எனக்கு இல்லை, எந்த ஏற்பாட்டாளருக்கும் இல்லை. இருபது வருசமாக நம் மாவட்டங்களில் கைப்பணி என்றாலே இரங்கி வாங்கும் பொருள் என்ற பழக்கம் ஊறிவிட்டது. அதனால் பொருளின் தரத்தைப் பற்றி எங்களோடு யாரும் சண்டை பிடிப்பதில்லை. சண்டை பிடிக்கிற வாடிக்கையாளர் எனக்கு வேண்டும். பட்டி நீளம் போதாது, உள்ளே கைபேசிக்கு இடமில்லை, இந்த விலைக்கு லைனிங் இன்னும் நல்லதாக இருக்கலாம் என்று முகத்துக்கு நேரே சொன்ன டீச்சர்மாரால்தான் இந்தப் பை இன்றைய நிலைக்கு வந்தது.

இப்போது எங்கள் அட்டையில் இருப்பது இவ்வளவு: துணி, மருதமுனைக் கைத்தறி. தையல், மட்டக்களப்பு. வளையம், பித்தளை. குளிர்நீரில் கையால் கழுவி நிழலில் காயவிடவும். தையல் விட்டால் கொண்டு வாருங்கள், இலவசமாகத் தைத்துத் தருவோம். கீழே விலை. தைத்தவர் விரும்பினால் உள்ளே லைனிங்கில் தன் பெயரின் முதலெழுத்தைச் சின்னதாகத் தைப்பார். சிலர் தைக்கிறார்கள், சிலர் விடுகிறார்கள்.

பதிவு பற்றிக் கேட்கிறவர்களுக்குச் சுருக்கமாக: தனி ஆள் தொழில் என்றால் வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியலாம், கிராம சேவகரின் உறுதிப்படுத்தல் வேண்டும். அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் வியாபாரப் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கலாம். பெரிய கடைகள் வீட்டுக்காரரின் தனிக்கணக்குக்குக் காசு போடத் தயங்கும். வடிவமைப்பைப் பாதுகாக்க 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிந்தால் 5 வருசம், பிறகு 5 வருசமாக இரண்டு தடவை புதுப்பிக்கலாம், மொத்தம் 15. ஆனால் விண்ணப்பிக்கும்போது வடிவம் புதிதாக இருக்க வேண்டும். முகநூலில் படம் போட்டு ஊரே பார்த்த பிறகு போனால் புதியது என்று சொல்ல முடியாது. ஆகவே பதிவதா இல்லையா என்பதைப் படம் போட முன் தீர்மானியுங்கள். வருசத்துக்கு ஒரு தடவை உருவம் மாறும் பைக்கு நான் வியாபாரக் குறியைத்தான் பெரிதாக நினைக்கிறேன். அது 10 வருசம், திரும்பத் திரும்பப் புதுப்பிக்கலாம்.

எங்கள் பையைப் பார்த்து அச்சடித்த கட்டத் துணியில், மூன்றில் ஒரு பங்கு விலைக்கு ஒன்று சந்தைக்கு வந்தது. கவலையாகத்தான் இருந்தது. வாங்கிப் பிரித்துப் பார்த்தோம். இரும்பு வளையம், பட்டி ஒற்றைத் தையல். அதோடு விலையில் போட்டி போடப் போகவில்லை. பழுது பார்த்துக் கொடுப்போம் என்ற வரியை அட்டையில் சேர்த்தது அந்த மாதத்தில்தான்.

விற்பனைக்கு எங்களுக்கு மூன்று காலம். அறுகம்பேயில் அலை ஏறும் மே முதல் செப்டெம்பர் வரை பொத்துவில் பக்கத்துக் கடைகள். யூலை, ஓகஸ்டில் கனடா, லண்டனிலிருந்து பள்ளி விடுமுறைக்கு வரும் நம்மாட்கள். அவர்கள் ஒன்று வாங்கிப் போவார்கள், பிறகு வாட்ஸ்அப்பில் நாலு கேட்பார்கள். ஜனவரியில் பாடசாலை தொடங்கும்போது டீச்சர்மார். இந்த மூன்றாவது கூட்டத்தைத்தான் நான் அடித்தளமாக நம்புகிறேன். வருகிறவர்கள் போய்விடுவார்கள், டீச்சர்மார் தினமும் அந்தப் பையோடு பாலம் கடப்பார்கள்.

இனி, மெசின் வாங்க நுண்கடன் எடுக்கலாமா என்று கேட்டு எழுதுகிற தங்கச்சிமாருக்கு. எடுக்க வேண்டாம். காரணம் வட்டி மட்டும் இல்லை. கடன் எடுத்த அடுத்த கிழமையே தவணை தொடங்கும், கிழமைக்குக் கிழமை வாசலில் ஆள் நிற்கும். பைக் காசு அப்படி வராது. துணி நெய்து வர ஒரு மாதம், தைக்க நாள், கடை விற்க நாள், விற்றதற்குக் கடைக்காரர் காசு தருவது மாத முடிவில். இந்த இரண்டு ஓட்டமும் ஒன்றோடொன்று பொருந்தவே பொருந்தாது. அந்த இடைவெளியை அடைக்க இரண்டாம் கடன், அதை அடைக்க மூன்றாம் கடன். 2018 இல் மட்டக்களப்பும் அம்பாறையும் உட்பட 12 மாவட்டங்களில், ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களில் அரசே தலையிட்டுத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்ததை மறக்க வேண்டாம்.

நம் ஊர்களில் மெசினுக்குப் பஞ்சமில்லை. சுனாமிக்குப் பிறகும் யுத்தத்துக்குப் பிறகும் வாழ்வாதார உதவி என்று வீடு வீடாகத் தையல் மெசின் கொடுத்தார்கள். பாதி மெசின் இன்றைக்கும் மூலையில் துணி மூடிக் கிடக்கிறது. அந்த வீட்டு அக்காவிடம் போய்க் கேளுங்கள். எண்ணெய் விட்டு, பெல்ட் மாற்றி, 16 ஊசி போட்டால் ஓடும். நாலு பட்டுக்கு மேல் வராதபடி உங்கள் வடிவத்தை வரைந்திருந்தால் அது தாராளமாகத் தைக்கும். மெசினுக்கு வாடகை கொடுங்கள், அக்கா தைக்க விரும்பினால் கூலியும் கொடுங்கள். தெரிந்தவர்களிடம் பாதிக் காசு முற்பணம் வாங்கி முதல் பத்துப் பையை அதில் தையுங்கள். அந்தப் பத்தையும் வாங்கியவர்கள் போட்டுக்கொண்டு திரிவதைப் பார்த்து, பதினோராவது ஆள் தானாகக் கேட்டு வந்தால் எனக்கு எழுதுங்கள், ஜூக்கி மெசின் வாங்குவதைப் பற்றி அப்போது கதைப்போம்.